ஹெட்ச் ஹெட்சி நீர்த்தேக்கத்தில் நடக்கப் போகிறீர்களா? முதல் முறை செல்வோருக்கான வழிகாட்டி

கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் வடமேற்கு மூலையில், டுவாலமி ஆற்றின் குறுக்கே நிற்கும் ஓஷானசி அணைக்குப் பின்னால் சுமார் 8 மைல் நீளத்துக்குக் கிடக்கிறது ஹெட்ச் ஹெட்சி நீர்த்தேக்கம். யோசெமிட்டி பள்ளத்தாக்கில் காரை நிறுத்த இடம் தேடியே பாதி நாள் கழிந்து அலுத்தவர்கள், "இங்கே கூட்டமே இல்லையாமே" என்று கேள்விப்பட்டு இந்தப் பக்கம் திரும்புகிறார்கள். கூட்டம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் பள்ளத்தாக்கில் பழகிய கணக்கு எதுவும் இங்கே செல்லாது. கடை, பேருந்து, பெட்ரோல் கிடையாது. போன் சிக்னலை நம்ப முடியாது. இரவில் சாலையையே பூட்டிவிடுவார்கள். கோடையில் வெயில் கொளுத்தும்.

இங்கே ஏமாந்து திரும்புபவர்களில் பெரும்பாலோர் நடக்க முடியாமல் திரும்புவதில்லை. தவறான மாதத்தில் தவறான பாதையைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள், அல்லது தாமதமாக வந்து சேர்ந்திருப்பார்கள். ஆகவே மாதத்திலிருந்தே தொடங்குங்கள்.

1. முதலில் மாதம், பிறகு பாதை

அணை கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,800 அடி உயரத்தில் இருக்கிறது. சியரா மலைகள் என்றதும் குளிர் என்று நினைத்துக்கொள்கிறோம். இது அந்த மலைகளின் தாழ்வான பகுதி. அதோடு முக்கியமான நடைபாதை நீர்த்தேக்கத்தின் வடகரையில், தெற்கு நோக்கிய கருங்கல் சரிவில் போகிறது. காலை முதல் மாலை வரை வெயில் நேராக அந்தப் பாறையில் விழும். பாறை சூட்டை வாங்கித் திருப்பி உங்கள் மேல் வீசும். 2013-இல் எரிந்த ரிம் காட்டுத்தீக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் பல இடங்களில் நிழலும் போய்விட்டது.

ஏப்ரல், மே மாதங்கள்தான் இந்த இடத்தின் உச்சம். உயரமான பகுதிகள் பனியில் மூடிக் கிடக்கும்போதே இங்கே பூக்கள் விரிந்து, பாறை இடுக்கெல்லாம் ஓடையாகிவிடும். ட்வீலாலா அருவியைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தக் காலத்தில்தான் வர வேண்டும். கோடை முற்றுவதற்குள் அது வற்றிவிடும். வாபாமா அருவியில் அதைவிட நீண்ட காலம் தண்ணீர் இருக்கும். ஆனால் மே, ஜூன் மாதங்களில் பனி உருகும் வேகத்தில் அதுவே ஆபத்தாகவும் மாறும். அதைப் பற்றி 5-ஆம் பகுதியில் விரிவாகச் சொல்லியிருக்கிறது, தவறாமல் படியுங்கள்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் வெப்பம் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது சாதாரணம். அப்போது வந்தே ஆக வேண்டுமென்றால் காலை கேட் திறந்ததும் நடையைத் தொடங்கி, பதினொன்றரைக்குள் காருக்குத் திரும்பிவிடும்படி குறுகிய பாதையாகப் பாருங்கள். செப்டம்பர் இறுதி, அக்டோபர் மாதங்களில் நடக்க இதமாக இருக்கும். ஆனால் அருவியை எதிர்பார்த்து வராதீர்கள். குளிர்காலத்திலும் சாலை பொதுவாகத் திறந்திருக்கும். பனி விழுந்தால் டயர் சங்கிலி கேட்பார்கள். சங்கிலி இல்லாத வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

2. எந்தப் பாதை உங்களுக்கு?

ஒரு தவறான எண்ணத்தை முதலில் களைந்துவிடலாம். நீர்த்தேக்கத்தை முழுதாகச் சுற்றி வரும் பாதை எதுவும் இல்லை. தென்கரையில் கொலானா பாறை செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. கரையோரமாகப் போகும் பாதை வடகரையில் மட்டும்தான். போன வழியேதான் திரும்ப வேண்டும். அதனால் எவ்வளவு தூரம் போகலாம் என்று முடிவெடுக்கும்போது திரும்பும் தெம்பையும் கணக்கில் வையுங்கள்.

வாபாமா அருவி: போய்வர சுமார் 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர். முதல்முறை வருபவர்களுக்கும், எட்டு ஒன்பது வயதுக் குழந்தைகளோடு வருபவர்களுக்கும் இதுதான் பொருத்தம். அணையின் மேல் நடந்து மறுகரைக்குப் போக வேண்டும். அங்கே கருங்கல்லைக் குடைந்த ஒரு சுரங்கம் வரும். நீளம் சுமார் 500 அடி. உள்ளே மங்கலாக இருக்கும், தரையில் தண்ணீர் தேங்கியிருக்கும். இருட்டைக் கண்டு பயப்படும் குழந்தை கூட வந்தால் கையில் ஒரு டார்ச் இருக்கட்டும். சுரங்கம் தாண்டியதும் பழைய சாலைத் தடத்தில் ஏறக்குறைய ஒரு மைல் நடந்தால் ஒரு பிரிவு வரும். இடப்பக்கம் லாரல் ஏரிக்கும் வெர்னன் ஏரிக்கும் மேலே ஏறுகிறது. வலப்பக்கம் அருவிக்குப் போகிறது. பேச்சு சுவாரசியத்தில் பலகையைக் கவனிக்காமல் இடப்பக்கமே ஏறிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஏற்றம் விடாமல் தொடர்ந்தால், தண்ணீர் கீழே விலகிக்கொண்டே போனால், தவறான பாதையில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வரைபடத்தில் ஏற்றம் குறைவாகத் தெரியும். பாதை ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் போகிறது, கற்படிகளும் உண்டு. அருவியை நெருங்கும்போது வளைந்து வளைந்து கீழே இறங்குவீர்கள். திரும்பும்போது அந்த இறக்கம் முழுவதும் ஏற்றமாகிவிடும். நின்று பார்க்கும் நேரத்தோடு சேர்த்து மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

ரான்செரியா அருவி: வாபாமாவைத் தாண்டி அதே பாதையில் தொடர வேண்டும். போய்வர 13 மைலுக்குச் சற்று மேல். மணிக்கு 2 மைல் என்று வைத்தாலும் நடைக்கு மட்டும் ஆறரை மணி நேரம். ஓய்வும் சாப்பாடும் சேர்த்தால் எட்டு. பகல் நீண்ட மே, ஜூன் மாதங்களில் காலை எட்டு மணிக்கே நடையைத் தொடங்குபவர்களால் ஒரே நாளில் முடிக்க முடியும். மற்றவர்கள் இதை ஓர் இரவுத் தங்கலாக வைத்துக்கொள்வதே சரி. இங்கே தங்கிப் பழகத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

லுக்கவுட் பாயின்ட்: ஹெட்ச் ஹெட்சி நுழைவாயில் அருகிலேயே தொடங்குகிறது. போக ஒரு மைலுக்குச் சற்று மேல், ஏற்றம் சுமார் 500 அடி. நீர்த்தேக்கமும் அருவிகளும் தூரத்தில் தெரியும். நேரம் குறைவாக இருந்தாலோ, அணைப் பக்கம் வாகனம் நிறுத்த இடம் கிடைக்காவிட்டாலோ இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பூப்பெனாட் பள்ளத்தாக்கு: இதுதான் ஆளை ஏமாற்றும் பாதை. போய்வர மூன்று மைல்தான் என்று பார்த்ததும் சுலபம் என்று தோன்றும். சாலையிலிருந்து ஆறு வரை 1,200 அடிக்கு மேல் விடாமல் இறக்கம். அத்தனையையும் பகல் வெயிலில் ஏற வேண்டும். அணைக்குக் கீழே இருக்கும் இடம் என்பதால் நீர்த்தேக்கமும் தெரியாது. முழங்கால் வலி உள்ளவர்கள் இதை விட்டுவிடலாம்.

ஸ்மித் சிகரம்: 7,751 அடி. 3,800 அடிக்கு மேல் ஏற வேண்டும். முதல் பயணத்துக்கு வேண்டாம்.

3. எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும்?

சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியிலிருந்து நெரிசல் இல்லாமல் கிளம்பினால் ஏறக்குறைய நான்கு மணி நேரம். நெடுஞ்சாலை 120-இல் கிழக்கே வந்து, பிக் ஓக் ஃப்ளாட் நுழைவாயிலுக்கு ஒரு மைல் முன்பாகவே இடப்பக்கம் எவர்கிரீன் சாலையில் திரும்ப வேண்டும். இந்தத் திருப்பத்தைத் தவறவிட்டு, பெரிய நுழைவாயில் வரிசையில் போய் நிற்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. எவர்கிரீன் சாலையில் ஏழரை மைல் போனால் கேம்ப் மாதர். அங்கே வலப்பக்கம் திரும்பினால் ஹெட்ச் ஹெட்சி சாலை. திருப்பத்திலிருந்து அணை வரை மொத்தம் 16 மைல். சாலை குறுகலானது, வளைவுகள் அதிகம். 40 நிமிடமாவது ஆகும். 25 அடிக்கு மேல் நீளமான, அல்லது பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமான வண்டிகளுக்கு ஹெட்ச் ஹெட்சி சாலையில் அனுமதி இல்லை. பெரிய வேன் வாடகைக்கு எடுப்பவர்கள் முன்பதிவுக்கு முன்பே அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலை 120-இல், அந்தத் திருப்பத்துக்கு முன்பே வரும் க்ரோவ்லண்ட் ஊரில் பெட்ரோல் போட்டு, ஐஸ், தண்ணீர், சாப்பாடு எல்லாம் வாங்கிவிடுங்கள். வரைபடங்களையும் அங்கேயே போனில் இறக்கி வையுங்கள்.

நுழைவுக் கட்டணம் ஒரு காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். ரொக்கம் வாங்க மாட்டார்கள், கார்டு வேண்டும். ஆண்டுக்கு மூன்று பூங்காக்களாவது போகிறவர்களுக்கு, எல்லாத் தேசியப் பூங்காக்களுக்கும் செல்லும் 80 டாலர் ஆண்டுப் பாஸ் லாபம்.

ஊரிலிருந்து அம்மா அப்பாவை வரவழைத்து அழைத்துப் போகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். 2026 ஜனவரி 1 முதல், அமெரிக்காவில் வசிக்காத, 16 வயது நிரம்பிய பார்வையாளர்கள், ஆண்டுப் பாஸ் இல்லாவிட்டால், யோசெமிட்டி உள்ளிட்ட 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் தலைக்கு 100 டாலர் கட்ட வேண்டும். அவர்களுக்கான ஆண்டுப் பாஸ் 250 டாலர். 80 டாலர் பாஸ் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கானது. அரசு வழங்கிய, புகைப்படமுள்ள அமெரிக்க அடையாள அட்டையைக் காட்டச் சொல்வார்கள். யாருடைய பாஸ் காரில் இருக்கும் யார் யாரைச் சேர்த்துக்கொள்ளும் என்பதை, பணம் கட்டும் முன் பாஸ் விற்கும் அரசுப் பக்கத்திலேயே வாசித்துக்கொள்ளுங்கள். நுழைவாயிலில் நின்று வாதாடிப் பயன் இல்லை. பூங்காவுக்குள் வர முன்பதிவு வேண்டுமா என்பதும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

4. கேட் நேரம்

பள்ளத்தாக்கு 24 மணி நேரமும் திறந்திருக்கும், ஹெட்ச் ஹெட்சி அப்படி அல்ல. நுழைவாயில் பகலில் மட்டும்தான் திறந்திருக்கும். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். உள்ளே நுழையும்போதே அன்றைய மூடும் நேரத்தைப் பணியாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். அணையிலிருந்து கேட்டுக்கு வர அரை மணி நேரம், காரில் பொருள்களை ஏற்றக் கால் மணி நேரம், எதிர்பாராத தாமதத்துக்கு ஒரு மணி நேரம். மிச்சமிருப்பதுதான் உங்கள் நடை நேரம். அதில் பாதி கழிந்ததும், எங்கே நின்றாலும் திரும்பிவிடுங்கள். அருவி இன்னும் பத்தே நிமிடத்தில் வந்துவிடும் என்று யாராவது சொன்னாலும் சரி.

காரில் படுத்துத் தூங்க முடியாது. முதல்நாள் இரவே வந்துவிட வேண்டும் என்றால், எவர்கிரீன் சாலையிலேயே பூங்கா எல்லைக்கு வெளியே டைமண்ட் ஓ என்ற வனத்துறை முகாம் இருக்கிறது. அங்கே தங்கினால் கேட் திறக்கும்போதே முன்னால் நிற்கலாம். வசந்தகால வார இறுதிகளில் அணைப் பக்கத்துக் கார் நிறுத்தம் காலையிலேயே நிரம்பிவிடும். அதற்கும் இதுதான் வழி.

5. வாபாமா பாலங்கள்: இதை மட்டுமாவது படியுங்கள்

அருவியின் அடியில், விழுந்து பிரிந்து ஓடும் நீரின் மேல் வரிசையாக மரப்பாலங்கள் இருக்கின்றன. சாதாரண நாளில் சாரலில் நனைந்தபடி கடந்துவிடலாம். பனி வேகமாக உருகும் நாட்களில் தண்ணீர் பாலத்துக்கு மேலேயே பாயும். 2011 ஜூனில் இப்படிக் கடக்க முயன்ற இருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள்.

பாலத்தின் பலகை மேல் தண்ணீர் ஓடினால், கணுக்கால் அளவுதான் என்றாலும், கடக்காதீர்கள். கைப்பிடி இருக்கிறதே என்ற தைரியம் வேண்டாம். வேகமாக வரும் நீர் காலை வாரிவிட்டால், கைப்பிடிக்கு அப்பால் பாறையும் சரிவும் நீர்த்தேக்கமும்தான் இருக்கின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் கடந்து வருவதைப் பார்த்து, நம்மாலும் முடியும் என்று இறங்காதீர்கள்.

இன்னொரு நுணுக்கம் புதியவர்களுக்குத் தெரிவதில்லை. உருகும் பனி மேலிருந்து ஓடி வந்து சேர நேரம் எடுக்கும். காலையில் அடங்கியிருக்கும் ஓடை மாலைக்குள் பெருத்துவிடும். காலை ஒன்பது மணிக்கு எளிதாகக் கடந்து ரான்செரியா போனவர், மாலை நான்கு மணிக்குத் திரும்பும்போது அதே பாலத்தைக் கடக்க முடியாமல் மறுகரையில் மாட்டிக்கொள்ளலாம். மே, ஜூனில் பாலம் தாண்டிப் போகும் எண்ணம் இருந்தால், நுழைவாயிலில் பாலத்தின் நிலையைக் கேளுங்கள். ஆபத்தான நாட்களில் பாதையை மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் முதல் பாலத்துக்கு முன்பே நின்று பாருங்கள். அருவியின் முழு அழகும் அங்கிருந்தே கிடைக்கும்.

6. இரவு தங்க: அனுமதிச்சீட்டு வாங்கும் முறை

பகல் நடைக்கு அனுமதிச்சீட்டு தேவையில்லை. ஓர் இரவு தங்கினாலும் வில்டர்னஸ் பெர்மிட் (காட்டுப்பகுதியில் தங்குவதற்கான அனுமதிச்சீட்டு) கட்டாயம். ரெக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) தளத்தில் எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு பாதைத் தொடக்கத்துக்கும் நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று அளவு உண்டு. அதில் 60 சதவீதம், பயணத்துக்கு 24 வாரங்களுக்கு முன்பே வாராந்திரக் குலுக்கலில் போகிறது. மீதி 40 சதவீதம் பயண நாளுக்கு 7 நாள் முன்பு, பசிபிக் நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும். குலுக்கல் விண்ணப்பத்துக்கு 10 டாலர், கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. கிடைத்தால் தலைக்கு 5 டாலர். இருவர் போனால் மொத்தம் 20.

தளத்தில் ஹெட்ச் ஹெட்சி என்று தேடினால் குழம்பிப்போவீர்கள். பெர்மிட் பாதைத் தொடக்கத்தின் பெயரில் இருக்கும். வடகரைப் பாதைக்கு "ரான்செரியா ஃபால்ஸ்" என்று தேர்ந்தெடுக்க வேண்டும். லாரல், வெர்னன் ஏரிகளுக்கு "பீஹைவ் மெடோஸ்". பெயரை மாற்றி எடுத்தால் அந்தப் பாதையில் நுழைய முடியாது. முன்பதிவு உறுதியான மின்னஞ்சல் மட்டும் பெர்மிட் ஆகாது. முந்தைய நாளோ, கிளம்பும் நாளோ பூங்காவின் பெர்மிட் நிலையத்துக்கு நேரில் போய், விதிகளைக் கேட்டுக் கையெழுத்திட்டுத் தாளை வாங்க வேண்டும். கிளம்பும் நாள் காலை 10 மணிக்குள் போகாவிட்டால் உங்கள் இடம் வேறு ஒருவருக்குப் போகலாம். தாமதமாகும் என்று தெரிந்தால் முன்கூட்டியே அழைத்துச் சொல்லிவிடுங்கள். குழுவின் தலைவராகப் பதிவானவர் அடையாள அட்டையோடு வர வேண்டும்.

பெர்மிட் இருப்பவர்கள் நடைக்கு முந்தைய இரவும் முடிந்த இரவும் ஹெட்ச் ஹெட்சியிலுள்ள, முதுகுப்பையோடு நடப்பவர்களுக்கான பேக்பேக்கர் முகாமில் தங்கலாம். ஓர் இரவுக்குத் தலைக்கு 8 டாலர். முன்பதிவு தேவையில்லை.

கூடாரம் போட, ஹெட்ச் ஹெட்சியிலிருந்து குறைந்தது 4 மைல் நடந்திருக்க வேண்டும். ஆகவே வாபாமா பக்கத்தில் தங்க முடியாது. ரான்செரியா ஓடைப் பக்கம் தாராளமாக இடம் உண்டு. தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 100 அடியாவது தள்ளிப் போடுங்கள்.

உணவை வைக்க, கரடியால் திறக்க முடியாத கேனிஸ்டர் (கெட்டியான டப்பா) கட்டாயம். மரத்தில் கட்டித் தொங்கவிடும் பழைய முறைக்கு யோசெமிட்டியில் அனுமதி இல்லை. கேனிஸ்டர் சொந்தமாக இல்லாவிட்டால் பெர்மிட் வாங்கும் இடத்தில் வாடகைக்குக் கிடைக்கும். உணவு மட்டும் உள்ளே போனால் போதாது. பற்பசை, சன்ஸ்கிரீன், தேங்காய் எண்ணெய், குழந்தைக்கான துடைப்புத்தாள், காலி மிட்டாய் உறை என வாசனை உள்ள எல்லாமே உள்ளே போக வேண்டும். வீட்டிலேயே ஒருமுறை அடுக்கி, மூடி மூடுகிறதா என்று பாருங்கள். சிப்ஸ் பாக்கெட் இடத்தை அடைக்கும். அவல், உலர்பழம், பொடித்து எடுத்த உப்புமா ரவை போன்றவை நன்றாக அடங்கும். இரவில் காரிலும் உணவை விடக்கூடாது.

7. தண்ணீர்: குடிக்க வேண்டியதும், தொடக்கூடாததும்

இந்த நீர்த்தேக்கம் சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்துக்குக் குடிநீர் கொடுக்கிறது. அதனால் நீந்துவது, காலை நனைப்பது, படகு விடுவது எதற்கும் அனுமதி இல்லை. வியர்த்து வரும்போது தண்ணீர் பக்கத்திலேயே இருந்தும் இறங்க முடியாது என்பதைக் குழந்தைகளிடம் வீட்டிலேயே சொல்லி அழைத்து வாருங்கள். கரையிலிருந்து மீன் பிடிக்கலாம். 16 வயது ஆனவர்களுக்குக் கலிபோர்னியா உரிமம் வேண்டும்.

குடிக்க, வாபாமா நடைக்கு ஆளுக்கு 2 லிட்டர், வெயில் காலத்தில் 3. ரான்செரியாவுக்கு இரண்டரை லிட்டரோடு ஒரு வடிகட்டியும் எடுத்துப் போங்கள். ஓடை நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வடிகட்டாமலோ கொதிக்க வைக்காமலோ குடிக்காதீர்கள். கோடை முடிவில் சிறிய ஓடைகள் வற்றிவிடும், அவற்றை நம்பித் திட்டமிட வேண்டாம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனாலும் தலைசுற்றும். உப்புச் சேர்ந்த தின்பண்டமோ ஓஆர்எஸ் பொடியோ கூட இருக்கட்டும்.

8. பாம்பு, செடி, உண்ணி

ராட்டில்ஸ்னேக் பாம்புகள் இங்கே சகஜம். வெதுவெதுப்பான பாறை மேலும், பாதையோரப் புல்லிலும் படுத்திருக்கும். காதில் இயர்போன் மாட்டாமல் நடங்கள், அதன் கிலுகிலு ஓசைதான் உங்களுக்கு எச்சரிக்கை. பார்க்காமல் கல்லிடுக்கில் கை வைக்காதீர்கள். குழந்தையை முன்னால் ஓட விடாதீர்கள். பார்த்தால் நின்று, பின்வாங்கி, அது நகரும்வரை காத்திருங்கள்.

பாய்சன் ஓக் என்ற செடி பாதையின் இருபுறமும் வளர்ந்திருக்கும். ஒரு காம்பில் மூன்று இலைகள், வசந்தத்தில் பளபளப்பான பச்சை, கோடை முடிவில் சிவப்பு. பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்துத் தடித்து, கொப்புளித்து, வாரக்கணக்கில் அரிக்கும். முழுக்கால் பேன்ட் போடுங்கள். அன்று போட்ட துணியைத் தனியாகத் துவையுங்கள். பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டால் உண்ணியும் ஏறாது. காருக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, கழுத்துப் பின்புறம், குழந்தைகளின் தலைமுடி எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நாயை நடைபாதையில் அழைத்துப் போக முடியாது, வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகவும் கூடாது. ட்ரோனுக்கும் தடை.

9. திரும்பும் வழி

நெடுஞ்சாலை 120-இல் க்ரோவ்லண்ட் தாண்டி இறங்கும்போது, ஓல்டு பிரீஸ்ட் கிரேடு, நியூ பிரீஸ்ட் கிரேடு என்று சாலை இரண்டாகப் பிரியும். போனிலுள்ள வரைபடம் தூரம் குறைவு என்று பழையதைக் காட்டலாம். அது மிகச் செங்குத்தானது. ஆள் நிறைந்த வண்டியில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். நாள் முழுவதும் நடந்து களைத்த ஓட்டுநருக்கு அது வேண்டாத சோதனை. நெடுஞ்சாலை எண் போட்ட புதிய சாலையிலேயே, தாழ்ந்த கியரில் இறங்குங்கள். சில நிமிடங்கள்தான் கூடும்.